ஏழாம் குழியின் நிழற்போர்

வாழி! அகன்ற தொப்பியும் தேய்ந்த முழங்காலும் உடையோன் வாழி! இருபத்திரண்டு கோடைகளாக அயோவா மாநிலத்துச் சோளக்கொல்லைகளின் ஓரம் குந்தி, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, மண் எது தான் எது என்று கட்டிய மனைவிக்கே பிரித்தறிய இயலாத நிறம் எய்தியோன். செங்கற் சூளையும் நாணும் செம்பிடரி படைத்தோன். கால்சட்டையின் ஆறு பைகளிலும் ஆணி சுமந்து, நடக்கையில் மணி கட்டிய யானையென ஒலித்தோன். பேராசிரியன் மெர்ல் ஆஸ்டர்கார்ட் வாழி! அவன் கரணை வாழி, அவன் சல்லடை வாழி, அவன் கழுத்தில் தொங்கிய கேமரா எல்லாவற்றிற்கும் மேலாக வாழி!

விண்ணில் நின்று எரியும் கதிரோனே, நீயும் செவி சாய். இக்கதையில் உனக்குப் பெரும்பங்கு உண்டு. அது உனக்குப் பெருமை சேர்க்கும் பங்கு என்று மட்டும் எண்ணிவிடாதே.

அந்தக் கேமராவின் மாண்பை உரைக்க ஆயிரம் நாவு வேண்டும். நமக்கிருப்பது ஒன்று, ஆகவே சுருக்கமாகச் சொல்வோம். வாப்ஸி ஆற்றங்கரையில் ஆண்டுதோறும் நிகழும் அகழாய்வுப் பயிற்சி முகாமில் அதைத் தீண்டும் உரிமை மெர்ல் ஒருவனுக்கே உரியது. மாணவர் குழி தோண்டுவர், வாளி சுமப்பர், சல்லடை ஆட்டிப் புழுதி உண்பர். படமெடுக்கும் புனித வேளை வாய்க்குங்கால் மட்டும் பத்தடி விலகி நின்று, மூச்சைக்கூட வேறு திசையில் விடுவர். தன் திருமண நாளை மும்முறை மறந்த மாவீரன், கேமராவின் வில்லையைத் துடைக்கும் மென்துணியை ஒருமுறையேனும் மறந்தானில்லை.

இவ்வாறு அறம் பிறழாது ஆட்சி நடந்துவருகையில், விதியானது மாணவர் கருத்துப் படிவம் என்னும் வேடம் பூண்டு வந்தது. சென்ற கோடையின் எட்டு மாணவரும் எட்டு விதமாக ஒன்றையே எழுதியிருந்தனர். 'டாக்டர் ஓ ஃபோட்டோ எடுத்தார். நாங்க பார்த்தோம்' என்றான், ஆஸ்டர்கார்ட் என்னும் நெடும்பெயரை அதன் ஆங்கில முதலெழுத்தாகச் சுருக்கியழைப்போருள் ஒருவன். இன்னொருத்தி இன்னும் நயமாக, 'கல்யாண வீட்டு ஃபோட்டோகிராபர்கூட அஞ்சு வாரம் இருந்த மாதிரி இருந்தது. கல்யாணம்தான் இல்ல' என்று எழுதிக் கீழே சிரிக்கும் முகம் வேறு வரைந்திருந்தாள்.

படிவங்கள் பீடமேறிச் சென்று டீனின் மேசையில் விழுந்தன. டீன் லினெட் ப்ராஸ்கா யாரெனில், கூட்டங்களின் கொற்றவை, அட்டவணைகளின் பேரரசி, மின்னஞ்சலின் ஈற்றில் 'அன்புடன்' என்றெழுதி, அன்பு நீங்கலாக ஏனைய அனைத்தையும் உள்ளே வைத்தனுப்ப வல்லாள். அவள் ஓலை இவ்வண்ணம் வந்தது: படக்கலை வழியே மாணவர்களைக் களப்பணியில் ஈடுபடுத்துக. கேமரா மாணவர் கையில் இருக்கட்டும். வியாழன் மாலை நாலரை மணிக்கு நேரில் வந்து காண்பேன். ஈடுபாடு தென்படாவிடில் அடுத்த கோடை முகாம் நடவாது; தாங்கள் கல்லூரியின் அடித்தள அறையில் மானுடவியல் முன்னுரை நடத்தலாம். அன்புடன்.

அடித்தள அறை! சன்னல் காணா இருட்குகை. நாளெல்லாம் விம்மி விம்மி அழும் ஒற்றைக் குழல்விளக்கு. கட்டாயப் பாடம் என்பதால் வந்து அமர்ந்து, கட்டாயமில்லை என்பதால் விழித்திருக்காத முப்பத்தெட்டு இளைஞர். சிறுத்தை எதிர்ப்பட்டாலும் அதன் கால்தடத்தை அளந்து குறித்துக்கொள்ளும் நெஞ்சுரத்தான், அவ்வறையை நினைத்த மாத்திரத்தில் கையிலிருந்த ஹாம் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான்.

அந்த வியாழனுக்கு முந்தைய நாள் ஏழாம் குழியில் அற்புதம் நிகழ்ந்தது.

அதுகாறும் அவ்வாண்டுக் களம் அளித்த செல்வங்கள் இவை: கலப்பையின் ஆணி ஒன்று, கற்செதில் இரண்டு, சோடா புட்டி மூடி ஒன்று, கருவியா கூழாங்கல்லா என்று மூன்று வாரமாக வழக்கு நடந்துகொண்டிருந்த கல் ஒன்று. அந்நிலையில், ரொவீனா பிளெட்சோ என்னும் மாணவி, கைப்பேசியை முழங்காலில் சாய்த்து வைத்து, யாரோ எங்கோ கேக்கின்மேல் க்ரீம் ரோஜா இடுவதை ஒரு கண்ணாலும் மண்ணை மறுகண்ணாலும் நோக்கியவாறு கரணையால் சுரண்டிக்கொண்டிருந்தவள், திடுமெனக் கை நிறுத்தினாள்.

"டாக்டர் ஓ, இங்க மண்ணு கறுப்பா, வட்டமா இருக்கு. நான் காபி எதும் கொட்டலை. சத்தியமா."

மெர்ல் வந்தான், கண்டான், மண்டியிட்டான். இளமஞ்சள் மண்ணின் நடுவே, சாண் அகலத்தில், முழுநிலவின் நிழலெனக் கிடந்தது ஒரு கருவட்டம். பண்டு இவ்வாற்றங்கரையில் வாழ்ந்த குடியினர் வீடு கட்ட மரக்கம்பம் நட்டனர். கம்பம் மக்கிற்று, வீடு வீழ்ந்தது, குடியும் பெயர்ந்தது. அக்கம்பம் நின்ற இடத்துக் கறை மட்டும் ஆயிரம் ஆண்டு மண்ணுள் விழித்திருந்தது. ஒரு கம்பம் எனில் ஒரு சுவர். ஒரு சுவர் எனில் ஒரு வீடு. ஒரு வீடு எனில் ஓர் ஊர். மெர்லின் உள்ளத்தில் அவ்வூருக்கு அந்தக் கணமே சந்தை கூடியது, நாய்கள் குரைத்தன.

இம்மண்சுரண்டிகளின் குலத்தில் ஒரு கடுவிதி உண்டு. எதனையும் வெட்டிப் பார்க்குமுன் படமெடுத்தாக வேண்டும்; வெட்டியபின் அது உலகில் இல்லை, படத்தில் மட்டுமே உண்டு. அப்படத்திலோ காலடி, வேர், வாளி, நிழல் யாதொன்றும் புலனாகக் கூடாது. ஐந்து வாரம் ஒன்பது பேர் உருண்டு புரண்ட இடத்தில் மனிதன் எவனும் காலே வைத்ததில்லை என்று காட்டுவதே அக்கலையின் சிகரம்.

"நாளைக்கு ஃபோட்டோ ரொவீனாதான் எடுக்கறா," என்று எண்டிசையும் அதிர வஞ்சினம் உரைத்தான் மெர்ல். "டீன் பார்க்கட்டும். நான் கேமராவைத் தொட மாட்டேன். என் கை அந்தப் பக்கம் போச்சுன்னா யாராவது கட்டிப் போடுங்க."

"கயிறு ரெடி, டாக்டர் ஓ," என்றான் எமெட். இவன் சோளத்தட்டையை விஞ்சிய உயரமும் அதனினும் நீண்ட நாவும் உடையான். கயிற்றை உண்மையாகவே எடுத்துக் காட்டினான்.

வியாழன் புலர்ந்தது. படை எழுந்தது. அம்மவோ, அக்குழியை அவர் தூய்மை செய்த திறத்தை என்னென்பது! சுவரிலிருந்து எட்டிப் பார்த்த புல்வேர்களை நகவெட்டும் கத்திரியால் ஒவ்வொன்றாகச் சிரம் கொய்தனர். மணமகளுக்கு வகிடெடுப்பதுபோல் சுவரின் விளிம்பை நூல் பிடித்துச் சீவினர். காலணி களைந்து, காலுறை மட்டும் அணிந்து, தரையைச் சுரண்டியவாறே பின்னோக்கி நகர்ந்து, தம் தடத்தைத் தாமே அழித்து, இறுதியில் குழியினின்று முதுகுப்புறமாக ஏறி வெளியேறினர். "எங்க வீட்டுல என் ரூமை இப்படிக் கூட்டினா எங்கம்மா ஆம்புலன்ஸ் கூப்பிட்டுருவாங்க," என்றாள் ரொவீனா. மணி நான்கு.

பின்னர் அரசச் சின்னங்கள் எழுந்தருளின. செங்கோல் என ஒரு பக்கம் கிடந்தது கறுப்பு வெள்ளைக் கட்டமிட்ட அளவுகோல். வேல் எனக் கூர்முனை காட்டிக் கிடந்தது வடக்கை உணர்த்தும் அம்பு. மன்னர் தம் மெய்க்கீர்த்தியைக் கல்லில் வெட்டுவர். இவர்தம் மெய்க்கீர்த்தியோ கறுப்புப் பலகையில் குழி எண்ணும் நாளும் காட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் எழுத்துகளைச் செருகி அமைப்பது. அதனை வடசுவரின் அடியில் சாய்த்தனர். தென்புறம் ஆறடி ஏணி என்னும் அலுமினியக் களிறு நிறுத்தப்பட்டது; இரு மாணவர் பாகராகி அதன் கால்களைப் பற்றினர்; ரொவீனா அதன்மேல் ஆரோகணித்தாள்.

கேமராவைக் கொடுக்கும் வேளை வந்தது. மெர்ல் வாரைக் கழற்றினான். இருபத்திரண்டு கோடை வெயில் படாத வெண்கோடு ஒன்று அவன் செம்பிடரியில் மின்னியது; கண்டோர் கண்ணைத் திருப்பிக்கொண்டனர், ஆடை களைந்தவனைப் பார்த்தது போல. முதல் நாள் மகளைப் பள்ளிக்கு அனுப்பும் தந்தையின் குரலில் அவன் கூறினான்: "ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ. வார் கழுத்துல. கழுத்துல மாட்டு. மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்."

"இன்னொரு தடவை பார்த்துக்கோ."

அப்போது, மேற்கே சோளக்கொல்லையின்மேல் சாய்ந்து நின்ற கதிரோன் தன் சூழ்ச்சியைத் தொடங்கினான். குழியின் மேற்குச் சுவர் வீழ்த்திய நிழல் கருவட்டத்தின் நட்டநடுவே வந்து நின்றது. ஒரு பாதி இருளில் மூழ்கிற்று. மறுபாதி வெயிலில் வெந்து வெளிறிற்று. குழி முழுதும் ஒரே சீராய் நிழல் போர்த்தாலன்றிப் படம் பாழ்.

முதற்கண் மேகத்தைத் துணை வேண்டினர். அகன்ற வானில் அன்று இருந்தது ஒரே மேகம். அதுவும் ஆட்டுக்குட்டி அளவினது. "யாரும் அசையாதீங்க! வருது!" என்று கர்ச்சித்தான் மெர்ல். ஒன்பது முகங்கள் விண்ணோக்கின. மேகம் வந்தது, சூரியனின் அருகணைந்தது, விருந்துக்கு வந்தவன் வாசலில் நாயைக் கண்டதுபோல் தயங்கியது, வடகிழக்காய் நகர்ந்து போயே போயிற்று.

"அது நம்ம மேகம் இல்ல," என்றான் எமெட். "பக்கத்து கவுன்டி மேகம். அங்கதான் வரி கட்டுது."

இதற்கிடையே இரண்டாம் பகைவன் தலைகாட்டினான்: வறட்சி. ஈரமிருக்கையில் மைபோல் இலங்கும் கறை, காய்ந்தால் சுற்றுமண்ணோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். நீர்தெளிக்கும் புட்டியால் மெர்ல் பூமழை பொழிந்தான். கறை கறுத்து எழுந்தது. ஜூலை வெயில் நான்கே நிமிடத்தில் அதனை உறிஞ்சிக் குடித்தது. மீண்டும் பொழிந்தான், மீண்டும் குடித்தது. மணி நான்கு இருபது.

"குடை கொணர்க!" என்பதன் பொருள்பட, "தார்ப்பாய்! அந்தத் தார்ப்பாயை எடுங்கப்பா!" என்று முழங்கினான் தலைவன். நால்வர் நான்கு முனையும் பற்றி உயர்த்தினர். ஆகா! நிழல் கவிந்தது! குழி குளிர்ந்தது! வெண்கொற்றக்குடைக்கீழ் குடிகள் மகிழ்ந்தாற்போல் கறை மகிழ்ந்தது! ரொவீனா முதற்படம் சொடுக்கினாள், திரையில் கண்டாள், மூக்கைச் சுருக்கினாள். ஏனெனில் அக்குடை வெண்குடை அன்று, நீலத் தார்ப்பாய். அதனூடு வடிந்த ஒளியில் மண் நீலம், சுவர் நீலம், மெய்க்கீர்த்தி நீலம்.

"டாக்டர் ஓ, எல்லாம் நீலமா இருக்கு."

எட்டிப் பார்த்த எமெட், "அந்தக் காலத்துல நீச்சல் குளத்துக்கு உள்ள வீடு கட்டியிருக்காங்க போல," என்றான்.

இங்குதான், கேட்போரே, உண்மைப் போர் மூண்டது. அது புறத்தே நிகழ்ந்ததன்று. மெர்லின் வலக்கைக்கும் வஞ்சினத்துக்கும் இடையே நிகழ்ந்தது. கை ஏணியை நோக்கி நகர்ந்தது. வஞ்சினம் அதனைப் பின்னிழுத்தது. கை கால்சட்டைப் பையுள் ஒளிந்தது, ஆணி குத்திற்று, வெளிவந்தது. 'ஒரே ஒரு படம்' என்றது கை. 'குழல்விளக்கு' என்றது வஞ்சினம். 'அந்தச் சின்ன வட்டை மட்டும் திருப்பிவிட்டு வந்துவிடுகிறேன், எடுக்கக்கூட மாட்டேன்' என்றது கை, குடிநிறுத்தியவன் பாட்டிலை முகர்ந்து மட்டும் பார்ப்பதாகச் சொல்லும் குழைவோடு. கை வென்றது. ஏணியின் இரண்டாம் படியில் நின்று, கேமராவின் அடிப்பாகத்தை இரு விரலால் தாங்கி, "கொஞ்சம் கீழ... இன்னும் கொஞ்சம்... இல்ல, உன் கீழ இல்ல, என் கீழ" என்று மெர்ல் மொழிந்துகொண்டிருக்க, மேலிருந்து ஒரு குரல் இறங்கியது.

"டாக்டர் ஓ, நீங்க எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுமா? சொல்லிட்டா நான் இறங்கிப் போய் கேக் பார்ப்பேன்."

சரியாக அந்நேரத்தில் சரளைப்பாதையில் கார் ஒன்று வந்து நின்றது. வெள்ளைக் கால்சட்டையும் கையில் தாள் செருகிய எழுத்தட்டையுமாக, புழுதியைப் பொருட்படுத்தாதவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வோரடிக்கும் காலைப் பார்த்தவாறு, டீன் லினெட் ப்ராஸ்கா எழுந்தருளினாள். மெர்ல் ஏணியினின்று குதித்தான். இருபத்திரண்டு கோடைகளில் அம்முழங்கால் கண்டிராத பாய்ச்சல் அது.

"எப்படிப் போகுது, மெர்ல்?"

"மாணவர்கள்தான் எல்லாம் செய்யறாங்க," என்றான் மெர்ல், இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே மறைத்து.

கறை வெளிறத் தொடங்கியது. புட்டியில் எஞ்சியது ஒருமுறை தெளிப்பதற்கான நீர்; வண்டியிலிருந்த குடங்களோ காலி. ஆறு அருகில்தான்; ஆயினும் சேறு கலந்த அந்நீரைக் கறைமேல் தெளிப்பது பட்டுப் புடவையைப் பன்றித்தொட்டியில் அலசுவதற்கு ஒப்பு. எனவே ஒரே தெளிப்பு, நான்கு நிமிடம், ஒரே வாய்ப்பு.

அப்போது ஏணியின் உச்சியில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. முதல்நாள் வரை கேக்கையன்றி வேறெதையும் இமைக்காது நோக்கியறியாத ரொவீனா, சூரியனைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், கீழே நின்ற மனிதரைப் பார்த்தாள். "தார்ப்பாயைத் தூக்கிப் போடுங்க," என்றாள். "ஆளுங்களே போதும். எல்லாரும் மேக்கால வரிசையா நில்லுங்க. ஓரத்துல இருந்து ஒரு அடி தள்ளி நில்லுங்க, சுவரு சரிஞ்சா கொன்னுடுவேன். எமெட், நடுவுல வா. உன் உயரத்துக்கு இன்னைக்குத்தான் ஒரு உபயோகம் வந்திருக்கு."

ஏணிப்பாகர் இருவர் நீங்கலாக, ஐவர் அணிவகுத்தனர். தோளொடு தோள் நெருங்கி, முகம் சூரியனுக்கும் முதுகு குழிக்குமாக, கோட்டைச் சுவரென நின்றனர். நிழல் நீண்டு குழிக்குள் இறங்கிற்று. ஆயினும் வலப்புறம் இடம் எஞ்சியது.

"ஆள் பத்தலை. மேடம், நீங்க வாங்க."

டீன் தன் பின்னால் வேறு மேடம் எவரும் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். "நானா?"

"சீக்கிரம் மேடம். அட்டையைத் தலைக்கு மேல பிடிங்க. அதுவும் நிழல்தானே."

பட்டியல் பலவற்றைத் தாங்கிய அவ்வட்டை, வாழ்நாளில் முதன்முறையாகப் பயனுள்ள காரியம் ஒன்றைச் செய்தது. எனினும் டீனுக்கும் அவளை அடுத்து நின்ற மாணவனுக்கும் இடையே ஒரு பிளவு. அதன் வழியே கதிரோன் எறிந்த ஈட்டியென ஓர் ஒளிக்கீற்று நேரே கறைமேல் பாய்ந்தது. அப்பிளவை அடைக்க எஞ்சியிருந்தது ஒரே ஓர் உடல். அவ்வுடல் ஏணியைவிட்டுப் பிரிந்து, கேமராவுக்குப் புறங்காட்டி, இருபதடி சுற்றிச் சென்று நின்றாக வேண்டும். படம் எடுபடும் கணத்தை அது காணவே இயலாது.

மெர்ல் கடைசி நீரைத் தெளித்தான். கறை எழுந்தது. ஏணியை ஒருமுறை நோக்கினான்; கோட்டையை விட்டுப் போகும் மன்னன் கொடியை நோக்குவதுபோல். பின்பு நடந்தான். பிளவில் நுழைந்தான். அடைத்தான்.

நிழல் முழுமையுற்றது.

கண்ணைக் குத்தும் வெயிலில், எதிரே சோளமும் பின்னே ஆயிரம் ஆண்டுமாக, மெர்ல் வேர்த்து நின்றான். முதுகுக்குப் பின்னால் ஏணி ஒருமுறை கிறீச்சிட்டது. பின்பு:

"ஐயோ, வெட்டுக்கிளி! அளவுகோல் மேல உக்காந்துருச்சு!"

மெர்லின் பிடரி தானே திரும்பத் துடித்தது.

"திரும்பாதீங்க டாக்டர் ஓ! திரும்பினா வெளிச்சம் வருது! மேடம், நீங்களும்தான்! எமெட், சிரிக்காதடா, நிழல் குலுங்குது!"

எழுவரும் கல்லாய்ச் சமைந்தனர். டீனின் மூக்கின்மேல் கொசு ஒன்று அமர்ந்து விருந்துண்டு எழுந்து சென்றது, அவள் அசைந்தாளில்லை. அட்டை ஏந்திய கையும் தாழவில்லை. "போயிடுச்சா?" என்று உதடு பிரியாமல் வினவினாள். "இன்னும் இல்லை மேடம்... கால் சொறியுது... ஆங், போயிடுச்சு! மூச்சு விடாதீங்க!"

சொடுக்.

மற்றும் ஒரு சொடுக். மூன்றாவது சொடுக். பின்பு ஏணிமேலிருந்து எழுந்த ஆரவாரத்தில் சோளக்கொல்லைக் காகங்கள் ஒருசேரக் கிளம்பி விண்ணை மறைத்தன. கோட்டை சிதறிற்று, அனைவரும் ஏணியடியில் முட்டி மோதினர், பின்னால் நின்ற டீன், மாணவன் ஒருவனின் தோளைப் பற்றி எம்பி, "எனக்குக் காட்டுங்க, எனக்கு!" என்றாள். மெர்ல் கடைசியாக வந்தான். ரொவீனா கேமராவை அவனிடம் நீட்டினாள். அவனோ கையை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு குனிந்து மட்டும் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் இருபத்திரண்டு கோடைகளில் எடுத்த நான்காயிரத்துச் சொச்சம் படங்களில் இதற்கு நிகரானது ஒன்றில்லை. அதை உணர்ந்தவனும் அங்கே அவன் ஒருவனே.

"நல்லா வந்திருக்கு," என்றான்.

"மெர்ல்," என்றாள் டீன், வெள்ளைக் கால்சட்டையில் ஏறிய மண்ணைத் தட்ட மறந்து, "உங்களை ஒரு மாணவி அதட்டி நான் பார்த்ததில்லை. என்னையும் யாரும் அதட்டி ரொம்ப வருஷம் ஆச்சு. இதுதான் ஈடுபாடு. மூணு கோடைக்கு முகாம் உண்டுன்னு எழுதிடறேன்." அட்டையைத் திருப்பினாள், எழுதினாள், கையொப்பமிட்டாள். அடித்தள அறையின் குழல்விளக்கு அக்கணம் யாருக்காகவோ தனியே விம்மியிருக்கக் கூடும்.

அன்று வாப்ஸிக் கரையில் வெற்றி விழா. லெமனேட் பெருக்கெடுத்தது, ஊறுகாய் வெள்ளரி மலையெனக் குவிந்தது, எமெட் வாளியை முரசாக்கி அறைந்தான். படத்தைக் கல்லூரி முன்மண்டபத்தில் நான்கடிச் சட்டமிட்டு மாட்டுவதென்றும், அடியில் ரொவீனாவின் பெயரைப் பித்தளையில் பொறிப்பதென்றும் டீன் அறிவித்தாள். ஏந்திழையீர், ஏறனையீர், அந்தக் கறையின் புகழைக் கேண்மின்! மன்னர் மாடம் மறைந்தும் மறையாத மாண்பே! வீடு வீழ்ந்தும் வீழாத சுவடே! ஆயிரம் ஆண்டுக் காரிருளைக் கிழித்து, ஏழாம் குழியின் நடுவே எழுந்து, எழுவர் நிழலைக் குடையாகவும் ஒரு மாதின் விழியை ஆடியாகவும் கொண்டு, காலத்தை வென்று, கதிரவனைத் தோற்கடித்து, ஞாலமுள்ளளவும் நின்றொளிரப் புறப்பட்ட கருநிலவே, வாழி, வாழி, வாழியவே!

மறுநாள் காலை கறையைப் பாதியாக வெட்டிப் பார்த்தார்கள், அது எலி வளை.